நாய்க்குச் சாப்பாட்டு அலர்ஜி என்று சந்தேகமா? புதுச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஜிம்மி முன்னங்காலை நக்குவதை முதலில் நாங்கள் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்தோம். லேப்ரடார், நாலு வயது, வேலை வெட்டி இல்லை, நக்கிக்கொண்டு கிடக்கிறான் என்று விட்டுவிட்டோம். பிறகு விரலிடுக்கு சிவந்தது. வெளிர்மஞ்சள் ரோமம் அந்த இடத்தில் மட்டும் துருப்பிடித்த மாதிரி பழுப்பானது. காதுக்குள் புளித்த வாடை. சொட்டு மருந்து விட்டால் போகும், ஒரு மாதத்தில் திரும்ப வரும். மூன்றாவது தடவை போனபோது மருத்துவர், "சாப்பாட்டு அலர்ஜியா இருக்கலாம் சார், சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம்" என்றார். மீதியைக் கேட்காமல் நான் கடைக்கு ஓடினேன்.

கோழிப் படம் போட்ட மூட்டைக்குப் பதிலாக ஆட்டுப் படம் போட்ட மூட்டை வாங்கினேன். ஆறு வாரம் போனது, ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் மீன் படம் போட்டது. அதிலும் நக்குவது நிற்கவில்லை. ஒருநாள் மூட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டிலுமே கோழிக் கொழுப்பும் கோழி ஈரலும் இருந்தன. முன்பக்கத்தில் படம்தான் மாறியிருக்கிறது. ஜிம்மியின் வயிற்றுக்குள் போனது பாதிக்கு மேல் பழைய சரக்கு. மூட்டைக்காரர் பொய் சொல்லவில்லை, எல்லாம் பின்னால் அச்சிட்டுத்தான் இருந்தது. படிக்காதது நான்.

அப்படி வீணாய்ப்போன மாதங்களை நீங்களாவது மிச்சம் பிடிக்கலாம். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் திட்டு வாங்கி, அவர் சொன்னதைப் படித்துச் சரிபார்த்துக்கொண்ட ஒரு நாய்க்காரன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷமா இதையேதானே சாப்பிடுறான்?

சாப்பாட்டில் உள்ள ஏதோ ஒரு புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரி என்று தப்பாகக் குறித்துவைத்துக்கொள்வதுதான் உணவு அலர்ஜி. குறித்துவைக்க வேண்டும் என்றால் முன்பே அதைப் பார்த்திருக்க வேண்டும். இது மட்டும் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தன்னால் புரியும். "மூன்று வருஷமா இதே சிக்கன்தான் போடுகிறோம், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். மூன்று வருஷமாகச் சாப்பிட்டதால்தான் சிக்கன் சந்தேகப் பட்டியலில் வருகிறது. நேற்று முதல்முறையாகத் தின்ற பண்டத்தின் மேல் சந்தேகம் குறைவு.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. பால் குடித்தால் வயிற்றால் போகும் நாய்கள் நிறைய உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்த நாய்களிடம் குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது வெறும் ஒத்துக்கொள்ளாமை. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிப்பது மருத்துவருக்கே கடினம். நல்லவேளையாக, கண்டுபிடிக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றேதான்.

மனிதர்களுக்கு வேர்க்கடலை சாப்பிட்டதும் முகம் வீங்குகிற மாதிரி நாய்க்கு ஆவது அரிது. அப்படி முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வழக்கமாக நாயின் உணவு அலர்ஜி தோலில்தான் தெரியும். பாதம், காது, அக்குள், அடிவயிறு, ஆசனவாய்ச் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் அரிப்பு. மழைக்காலம், வெயில்காலம் என்று இல்லாமல் வருஷம் முழுக்க இருக்கும். காதில் மட்டும் திரும்பத் திரும்பச் சீழ் வரும் நாய்களும் உண்டு. சில நாய்களுக்குக் கூடவே வயிறும் கெடும். ஒரு நாளைக்கு நாலு ஐந்து தடவை மலம் கழிக்கும், குடல் இரையும், அடிக்கடி வாந்தி எடுக்கும். ஒரு வயது ஆகாத குட்டிக்கும் வரலாம், ஏழெட்டு வயதில் புதிதாகவும் ஆரம்பிக்கலாம்.

ஆனால் அரிப்பு என்றாலே சாப்பாடு என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி உண்டாக்கும் நுண்சிலந்திகள், தோல் மடிப்பில் வளரும் ஈஸ்ட் எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. தூசி, மகரந்தம் போன்றவற்றால் வரும் அலர்ஜியும் பார்ப்பதற்கு அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். கால்நடைத் தோல் மருத்துவர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, மருத்துவமனைக்கு வரும் மொத்த நாய்களில் 1 முதல் 2 சதவீதத்துக்குத்தான் உணவால் வரும் பிரச்சினை. அரிப்போடு வருபவற்றை மட்டும் எடுத்தால் 9 முதல் 40 சதவீதம் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆக முதலில் பூச்சிக்கு மருந்து, தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனை, சீழ் இருந்தால் அதற்குச் சிகிச்சை. இதெல்லாம் முடிந்தும் அரிப்பு நின்றபாடில்லை என்றால்தான் சாப்பாட்டின் பக்கம் திரும்ப வேண்டும்.

"ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" தெரியாது. ரத்தம், எச்சில், ரோமம் என்று பல சோதனைகள் விற்கின்றன. உணவு அலர்ஜியைப் பொறுத்தவரை எதையும் நம்ப முடியாது என்பதே தோல் மருத்துவர்களின் கருத்து. அமெரிக்காவில் சிலர் ஒரு வேடிக்கை செய்தார்கள். அலர்ஜி உள்ள நாய், ஆரோக்கியமான நாய் இவற்றின் ரோமம், எச்சிலோடு, ஒரு பொம்மை விலங்கின் செயற்கை ரோமத்தையும் வெறும் திரவத்தையும் சேர்த்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பொம்மைக்கும் அலர்ஜிப் பட்டியல் வந்தது. 2019இல் இது ஆய்விதழிலேயே வெளியானது. அந்தச் சோதனைக்குக் கொடுக்கும் பணத்தில் முயல்கறி வாங்கலாம். ஏன் முயல் என்பதற்கு வருகிறேன்.

முதலில் பரீட்சை, அப்புறம்தான் சாப்பாடு

நான் செய்த தப்பு, "எந்த சாப்பாடு நல்லது?" என்று கேட்டதுதான். அலர்ஜி விஷயத்தில் நல்லது, கெட்டது, விலை உயர்ந்தது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். "எதை இவன் இதுவரை தின்றதே இல்லை?" என்பதுதான் முதல் கேள்வி. தின்றே இராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுச்சத்தையும் மட்டும் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தி, அரிப்பு குறைகிறதா என்று பார்ப்பதற்கு விலக்கல் உணவு என்று பெயர். இன்றைக்கு உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இது ஒன்றுதான். இது ஒரு பரீட்சை. வாழ்நாள் சாப்பாடு எது என்பதை இந்தப் பரீட்சை முடிந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மூட்டை மாற்றி மூட்டை வாங்குகிறார்கள்.

எங்கள் மருத்துவர் அடுத்த தடவை ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இதுவரைக்கும் அவன் வாயில் போனது எல்லாத்தையும் எழுதுங்க" என்றார். சிக்கன், சோறு, மூட்டை உணவு என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். சிரித்துவிட்டு, "வீட்டுல எல்லாரையும் கேட்டு எழுதிட்டு வாங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டில் கேட்டால் பட்டியல் ஒரு பக்கம் வந்தது. அம்மா ராத்திரி மிச்சம் விழும் தயிர் சாதம் வைக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேரி பிஸ்கட் பங்கு போடுகிறாள். அப்பா காலை இட்லியில் கடைசித் துண்டைத் தட்டிலேயே விட்டு எழுந்திருப்பார், ஜிம்மிக்காக. ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு. எதிர்வீட்டுப் பாட்டி ஆம்லெட் ஓரம். எனக்குத் தெரிந்தது மூன்று, அவனுக்குத் தெரிந்தது பதினான்கு.

இந்தப் பட்டியலைத்தான் முதலில் எழுத வேண்டும். கடைக்குப் போவது இதற்குப் பிறகு. குட்டியை எங்கே வாங்கினீர்களோ அங்கே என்ன போட்டார்கள் என்பதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டை உணவு கொடுத்திருந்தால் அதன் பின்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு மாமிசத்தையும் தானியத்தையும் எழுதுங்கள்.

எது அதிகம் தொல்லை கொடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. சோயா, ஆடு, மக்காச்சோளம், முட்டை எல்லாம் 4 முதல் 6 சதவீதத்துக்குள். பன்றி, மீன், அரிசி ஆகியவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2. இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பெயர்க்க முடியாது. அந்த நாய்கள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் வளர்ந்தவை, மாட்டிறைச்சி தின்று வளர்ந்தவை. எந்தப் புரதத்தை அதிகம் தின்கிறதோ அதற்கு அலர்ஜி வரத்தான் அதிக வாய்ப்பு. நம் வீட்டு நாய்க்குக் கோழியும் பாலும் தயிரும் பிஸ்கட்டில் உள்ள கோதுமையும்தான் தினப்படி என்பதால் நம் சந்தேகம் அங்கே தொடங்குவது நியாயம். இன்னொன்றையும் கவனியுங்கள். அரிப்பு என்றதும் பல வீடுகளில் முதலில் நிறுத்துவது சோற்றைத்தான். பாவம், பட்டியலில் கடைசியில் இருப்பது அதுதான்.

முயலா, மீனா, மூட்டையா

வீட்டிலேயே சமைத்துப் போடுவது ஒரு வழி. இதில் சிக்கலே புதிய புரதத்தைத் தேடுவதுதான். புதிது என்றால் நமக்குப் புதிது என்று அர்த்தம் இல்லை, அந்த நாயின் உடம்புக்குப் புதிது. சென்னையில் சிக்கன் தின்று வளர்ந்த நாய்க்கு மீன் புதிதாக இருக்கலாம். தூத்துக்குடியில் மீன்தலை தின்று வளர்ந்த நாய்க்கு அது பழசு. சுத்த சைவ வீட்டில் தயிர் சாதமும் பருப்பும் மட்டுமே தின்ற நாய்க்குக் கோழியே புதிய புரதம்தான். நடுவில் ஒரு மூட்டை உணவுகூட வாங்காமல் இருந்திருந்தால்.

சொந்தபந்தத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உயிரினங்களின் புரதங்கள் சாயலில் ஒத்துப்போகும்; ஒன்றின் மேல் கோபம் கொண்ட உடம்பு அதன் உறவினர் மேலும் பாயலாம். காடையும் வான்கோழியும் கோழிக்குச் சித்தப்பா முறை. வாத்து தூரத்துச் சொந்தம் என்றாலும் சொந்தம்தான். மாடு, எருமை, ஆடு மூன்றும் ஒரே வகையறா. மாட்டுப்பாலுக்கும் மாட்டுக்கறிக்கும் பொதுவான புரதங்கள் உண்டு. அதனால் கோழியைச் சந்தேகப்படும்போது காடைக்கு மாறுவதோ, பாலைச் சந்தேகப்படும்போது மாட்டுக்கறிக்கு மாறுவதோ நல்ல பரீட்சை ஆகாது. இப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்தால் நம் ஊரில் மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று: முயல், வெண்பன்றி, மீன். பண்ணை முயல்கறி பெரிய ஊர்களிலும் மலைப்பக்கங்களிலும் சொல்லிவைத்தால் கிடைக்கும். மீனில் ஜிலேபி மலிவு, முள் எடுப்பதும் சுலபம்.

மாவுச்சத்துக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பெரும்பாலான நாய்களுக்குப் புதிதாக இருக்கும், விரும்பியும் தின்னும். கறி ஒரு பங்கு, கிழங்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு என்று வேகவைத்துப் பிசைந்து கொடுப்பது வழக்கமான ஆரம்பம். அளவை நாயின் எடைக்கு ஏற்ப மருத்துவர் சொல்வார். உப்பு வேண்டாம், மஞ்சள்தூள் வேண்டாம், கறிக்கு ருசி வேண்டும் என்று ஒரு பல் பூண்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அலர்ஜி இல்லாத நாய்க்கும் ஆகாது. வெந்த எலும்பும் முள்ளும் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும், எடுத்துவிடுங்கள்.

இந்தக் கறி–கிழங்குச் சாப்பாடு முழுமையான சத்துணவு கிடையாது. கால்சியம், துத்தநாகம், அயோடின், சில வைட்டமின்கள் எல்லாம் இதில் போதாது. ஆரோக்கியமான வளர்ந்த நாய் இரண்டு மாதம் சமாளித்துவிடும். வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் இப்படிக் கொடுக்கக் கூடாது. எலும்பு வளரும் வயதில் கால்சியம் குறைந்தால் கால் வளைந்துவிடும். அவற்றுக்கு அடுத்த வழிதான்.

அடுத்த வழிக்கு ஹைட்ரோலைஸ்டு உணவு என்று பெயர். இதில் புரதத்தை நொதிகளால் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். திருவிழா முடிந்து தேரைப் பிரித்துச் சட்டமும் ஆணியும் தனித்தனியாக அடுக்கிவைத்தால், அதைப் பார்த்துத் தேர் என்று யார் சொல்வார்கள்? எதிர்ப்பு சக்திக்கும் அதே கதைதான். முழு உருவத்தைத்தான் அது குறித்துவைத்திருக்கிறது. துண்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அடையாளம் தெரியாது. சத்தும் சரியாகக் கலந்திருப்பதால் குட்டிக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கலாம், மாதக்கணக்கில் கொடுக்கலாம். சமைக்கும் வேலை இல்லை. ராயல் கேனின் ஹைப்போஅலர்ஜெனிக், ஃபார்மினா அல்ட்ராஹைப்போ போன்றவை இந்தியாவில் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் பெயர்கள். முன்னதில் முதன்மையாகச் சோயா, பின்னதில் மீன் புரதம். விலைதான் கையைக் கடிக்கும்.

"பெரும்பாலும்" என்ற வார்த்தையை மேலே காரணத்தோடுதான் போட்டேன். கோழி அலர்ஜி உறுதியான 10 நாய்களுக்கு, துண்டு துண்டாக வெட்டிய கோழி ஈரல் புரத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 4 நாய்களுக்கு அரிப்பு திரும்பியது. அதே நாய்களுக்கு இன்னும் பொடியாக உடைத்த இறகுப் புரத உணவைக் கொடுத்தபோது ஒன்றுக்கும் வரவில்லை. 2016ஆம் ஆண்டு ஆய்வு இது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் சொல்லும் புத்தி தெளிவு. கோழியின் மேல் சந்தேகம் இருந்தால் கோழியிலிருந்து செய்த ஹைட்ரோலைஸ்டு உணவைத் தவிர்த்து, வேறு மூலத்திலிருந்து செய்ததைக் கேளுங்கள்.

மூன்றாவது வழி நான் போன வழி: கடையில் தொங்கும் "ஒரே மாமிசம்", "தானியம் இல்லை", "அலர்ஜி தராது" வகை மூட்டைகள். பரீட்சைக்கு இவை வேண்டாம். பின்பக்கத்தைப் படித்து வாங்கினாலும் வேண்டாம். இத்தாலியில் 2013இல், குறைந்த பொருள்களால் ஆனது என்று விற்கும் 12 நாய் உணவுகளை எடுத்து, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று நுண்ணோக்கியிலும் மரபணுச் சோதனையிலும் பார்த்தார்கள். 10 உணவுகளில் பட்டியலில் சொல்லாத விலங்கின் அம்சம் இருந்தது. வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காலையில் கோழி அரைத்த இயந்திரத்தில் மாலையில் மீன் அரைத்தால் ஒட்டியிருப்பது சேர்ந்துதானே வரும்? சாதாரண நாய்க்கு அதனால் ஒன்றும் இல்லை. பரீட்சை எழுதும் நாய்க்கு விடைத்தாளே கெட்டுப்போகும்.

தானியம் இல்லை என்ற விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானிய அலர்ஜி நாய்களில் மாமிச அலர்ஜியை விடக் குறைவு என்று மேலே பார்த்தோம். போதாததற்கு, தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பயறு அதிகம் சேர்த்த உணவுகளுக்கும் இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரணை தொடங்கியது. அதுதான் காரணம் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் தேவை இல்லாமல் அந்தப் பக்கம் போவானேன் என்பது என் கட்சி.

எட்டு வாரம், ஒரு பிஸ்கட்கூட இல்லாமல்

பழைய சாப்பாட்டை ஒரே நாளில் நிறுத்தினால் வயிறு போகும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று புதியதைக் கூட்டிக்கொண்டே போங்கள். புதியது மட்டுமே என்று ஆன நாளிலிருந்து எட்டு வாரத்தை எண்ண வேண்டும். ஏன் எட்டு? அலர்ஜி உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து வாரத்தில் சரியாகிவிடுகின்றன. எட்டு வாரம் காத்திருந்தால் அது 90ஐத் தாண்டுகிறது. வயிற்றுக் கோளாறு இதைவிடச் சீக்கிரம் அடங்கும். தோலுக்குத்தான் பொறுமை தேவை. மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் வேலைக்காகலை" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

அந்த எட்டு வாரமும் அரிப்பிலேயே நாயைத் தவிக்கவிட வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்கு அரிப்பு மாத்திரை கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்க்கும் முறையும் உண்டு. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள், இல்லாவிட்டால் குணம் தந்தது மாத்திரையா சாப்பாடா என்று தெரியாமல் போகும்.

சமைப்பது பெரிய வேலை இல்லை. வீட்டு மனிதர்களைக் கட்டிப்போடுவதுதான் வேலை. ஒரு துண்டு பிஸ்கட்டால் என்ன ஆகிவிடும் என்பார்கள். அந்தத் துண்டுக்குள் கோதுமையும் பாலும் இருக்கின்றன, அவ்வளவுதான் பதில். எங்கள் வீட்டில் ஜிம்மியின் கிண்ணத்துக்கு மேலே ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வாயில்லா ஜீவன் பார்த்துட்டே நிக்குது, எனக்குச் சோறு இறங்குமா?" என்றாள். கடைசியில், சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி வேகவைத்து ஒரு டப்பாவில் போட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். கொடுக்கும் சந்தோஷத்தைப் பறிக்காமல் கொடுக்கும் பொருளை மட்டும் மாற்றினால் பெரியவர்கள் ஒத்துழைப்பார்கள்.

மனிதர்கள் கண்ணில் படாத ஓட்டைகளும் உண்டு. நாய் விரும்பித் தின்ன வேண்டும் என்பதற்காகப் பல பூச்சி மாத்திரைகளிலும் உண்ணி மாத்திரைகளிலும் மாமிசச் சுவை சேர்த்திருப்பார்கள். சுவை சேர்க்காத மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ மருத்துவரிடம் கேளுங்கள். நாய்களுக்கான பற்பசையில் கோழிச் சுவை இருக்கும். மீன் எண்ணெய் மாத்திரையின் மேலுறை ஜெலட்டின். அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. கடிக்கக் கொடுக்கும் தோல் எலும்பு மாட்டுத்தோல். வீட்டில் பூனை இருந்தால் அதன் தட்டு, வாசலில் காக்கைக்கு வைக்கும் சோறு, நடைப்பயிற்சியில் குப்பைத்தொட்டி ஓரம். தீபாவளி, பொங்கல், ஊர்க் கிடாவெட்டு, வீட்டுக் கல்யாணம் இவற்றுக்குப் பக்கத்தில் இந்த எட்டு வாரத்தைத் தொடங்காதீர்கள். விருந்தாளி ஒருவர் போதும்.

எப்படியும் ஒருநாள் எதையாவது தின்றுவிடும். நாள்காட்டியில் தேதியைக் குறித்துவைத்துவிட்டுத் தொடருங்கள். நாலைந்து நாளில் அரிப்பு கூடியிருந்தால் அதுவே ஒரு தடயம். வாரம் ஒருமுறை, அரிப்புக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டு, பாதத்தையும் காதையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. எடையையும் பாருங்கள். நாய் இளைத்துக்கொண்டே போனாலோ புதுச் சாப்பாட்டைத் தொடவே மறுத்தாலோ பிடிவாதம் பிடிக்காமல் வேறு உணவுக்கு மாறுவதுதான் சரி.

குணமான நாய்க்கு மறுபடி பழைய சாப்பாடா?

ஆமாம். இங்கேதான் எல்லோரும் நழுவுவார்கள். அரிப்பு நின்ற நாய்க்கு, வேண்டுமென்றே பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கேட்பதற்கே கொடுமையாக இருக்கும். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் பருவம் மாறியிருக்கலாம், சீழுக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்திருக்கலாம், மீன் கொடுத்திருந்தால் அதிலுள்ள கொழுப்பே அழற்சியைக் கொஞ்சம் தணித்திருக்கலாம். பழைய சாப்பாடு உள்ளே போய், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், அரிப்பு திரும்பினால்தான் இது உணவு அலர்ஜி என்று உறுதி. திரும்பிய உடனே நிறுத்திவிட்டு விலக்கல் உணவுக்குப் போய்விடலாம்.

அப்புறம் ஒவ்வொன்றாக. விலக்கல் உணவோடு வெறும் கோழி மட்டும் ஒன்றிரண்டு வாரம். ஒன்றும் ஆகவில்லையா, கோழிக்கு விடுதலை. அடுத்து முட்டை, அடுத்து தயிர், அடுத்து கோதுமை. மாதக்கணக்கில் இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். பதிலுக்குக் கிடைப்பது ஒரு தெளிவான பட்டியல். வாழ்நாள் சாப்பாட்டை அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குற்றவாளி எது என்று தெரிந்துவிட்டால் அது இல்லாத, வளர்ந்த நாய்க்கு முழுமையான சமச்சீர் உணவு என்று குறிப்பிட்டிருக்கும் சாதாரண மூட்டையே பல நாய்களுக்குப் போதும். விலை உயர்ந்த ஹைட்ரோலைஸ்டு உணவிலேயே ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய நாய்களும் உண்டு. வீட்டுச் சாப்பாட்டிலேயே தொடர விரும்பினால் கால்சியம் முதலானவற்றைக் கணக்கிட்டுச் சேர்க்கத் தெரிந்த மருத்துவரிடம் செய்முறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதப் பரீட்சைச் சாப்பாட்டையே இரண்டு வருஷம் நீட்டக் கூடாது.

எட்டு வாரம் கறாராக இருந்தும் மாற்றமே இல்லை என்றால்? ஒன்று, தேர்ந்தெடுத்த புரதம் அந்த நாய்க்குப் புதிதாக இல்லாமல் இருந்திருக்கலாம். வேறொன்றை வைத்து இன்னொரு தடவை முயலலாம். இல்லையென்றால் காரணம் சாப்பாட்டில் இல்லை, தூசியிலோ மகரந்தத்திலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்குச் சாப்பாட்டை மாற்றினால் அரிப்பு பாதிதான் குறையும்.

ஜிம்மிக்கு முயலும் சர்க்கரைவள்ளியும் கொடுத்தோம். ஆறாவது வாரம் பாதத்தில் புது ரோமம் வெளிர்நிறத்தில் முளைத்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் மறுபடி நக்கத் தொடங்கினான். தனித்தனியாகப் பார்த்தபோது, நான் மாதக்கணக்கில் துரத்திய கோழி ஒன்றும் செய்யவில்லை. முட்டையும் இல்லை. தயிர் வைத்த ஐந்தாம் நாள் காது சிவந்தது. தயிராகப் புளித்தாலும் பால் புரதம் பால் புரதம்தான் என்று மருத்துவர் சொன்னார்; மாட்டுக்கறி பக்கமும் போக வேண்டாம் என்றார்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. இப்போது ராத்திரி தனக்குத் தயிர் ஊற்றும் முன்பே ஒரு கைப்பிடி வெறும் சோற்றை எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறாள்.